லோரி மீகர் யார்? மூன்றே பதக்கம் வாங்கியவருக்கு இவ்வளவு மரியாதை ஏன்?

தூறல்:

அயர்லாந்தின் மட்டைப்பந்து ஆட்டமான ஹர்லிங்குக்கு நான் புதிது, ஆறேழு மாதமாகத்தான் பார்க்கிறேன், அதனால் அசட்டுத்தனமாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸாக் மொராடி பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஈராக்கில் அகதி முகாமில் பிறந்த குர்திஷ்காரர், 2002இல் 11 வயதில் குடும்பத்தோடு அயர்லாந்தின் லீட்ரிமுக்கு வந்தவர், வந்த இடத்தில் ஹர்லிங் மட்டையைப் பிடித்து, 2019இல் அதே லீட்ரிம் அணிக்காக குரோக் பார்க் மைதானத்தில் லாங்கஷயர் அணியை வீழ்த்திக் கோப்பை வென்றவர். அந்தக் கோப்பைக்கு லோரி மீகர் கோப்பை என்று பெயர். சரி, யார் இந்த மீகர் என்று தேடப்போனால் குழப்பம்தான் கூடியது.

1920, 30களில் கில்கென்னி கவுண்டிக்காக (நம் மாவட்டம் மாதிரி) ஆடியவராம். எல்லாக் காலத்துக்குமான சிறந்த 15 பேரில் ஒருவர் என்கிறார்கள். ஆனால் அகில அயர்லாந்துப் பட்டம் என்று பார்த்தால் மூன்றுதான், கில்கென்னியில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு வாங்கியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இன்னொரு விசித்திரம், எங்கே போனாலும் 1931 இறுதி ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அதில் கில்கென்னி தோற்றிருக்கிறது, அதுவும் கடைசி ஆட்டத்தில் இவர் ஆடவே இல்லை! ஆடாத ஆட்டத்தில் ஒருவர் எப்படிப் பெரிய ஆளாவார்? அப்புறம் இவ்வளவு பெரிய ஆளின் பெயரை ஹர்லிங்கின் ஆகக் கடைசி அடுக்குக் கோப்பைக்கு வைத்தது கௌரவமா, கேலியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நடுக்களத்தான்:

முதலில் பெயர். எழுதுவதுதான் மீகர், அயர்லாந்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நடுவில் இருக்கும் எழுத்துகளை விழுங்கிவிட்டு 'மாஹர்' என்பார்கள், வேகமாகச் சொன்னால் வெறும் 'மார்'. தமிழில் மார் என்று எழுதினால் நெஞ்சு என்று படித்துவிடுவார்கள், விலா எலும்பு உடைந்து பேர் வாங்கியவருக்கு அது பொருத்தம்தான் என்றாலும் நான் மாஹர் என்றே எழுதுகிறேன். லோரி என்பது லோரென்சோ என்பதன் சுருக்கம். விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு லோரென்சோ இக்னேஷியஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிறந்தது 1899 மே மாதம், கில்கென்னி கவுண்டியின் டுல்லரோன் ஊரில். இந்த ஊரைத் தெரிந்துகொள்ளாமல் ஆளைப் புரிந்துகொள்ள முடியாது. கில்கென்னியின் முதல் அகில அயர்லாந்துப் பட்டம் 1904க்கானது. அந்தக் காலத்தில் கவுண்டி சாம்பியனான கிளப்தான் கவுண்டியின் பெயரில் களமிறங்கும், அந்த ஆண்டு இறங்கியது டுல்லரோன், தலைவர் ஜெர் டொஹெனி. 1904க்கான இறுதி ஆட்டம் 1906 ஜூனில்தான் நடந்தது (அப்போதெல்லாம் இப்படி இழுத்துக்கொண்டே போகும்), கார்க் அணியை ஒரே ஒரு பாயிண்டில் வென்றார்கள், 1-9க்கு 1-8. லோரிக்கு அப்போது ஏழு வயது. சொந்த ஊர்க்காரர்கள் நாட்டுக்கே சாம்பியன் ஆவதை ஏழு வயதில் கண்ட பையன் வேறென்ன ஆவான்? அவருடைய அப்பா 1884 நவம்பரில் தர்லஸ் ஊரின் ஹேய்ஸ் ஹோட்டலில் கேலிக் விளையாட்டுச் சங்கம் தொடங்கிய கூட்டத்திலேயே இருந்தார் என்றும் சொல்வார்கள். அண்ணன் தம்பிகளும் மட்டை பிடித்தவர்கள்தான்.

1904 தொடங்கி 1913 வரை கில்கென்னி ஏழு பட்டம் வாங்கியது. அதற்கப்புறம் வறட்சி. நடுவில் 1922க்கான பட்டம் ஒன்று, அவ்வளவுதான். விடுதலைப் போர், பின்னாலேயே உள்நாட்டுப் போர் என்று நாடே கலங்கிக் கிடந்த ஆண்டுகள் அவை. 1921க்கான இறுதி ஆட்டத்தை 1923 மார்ச்சில்தான் ஆட முடிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். லோரி கவுண்டி அணிக்குள் வந்தது 1924இல், கிட்டத்தட்ட 25 வயதில். அதாவது பொற்காலம் முடிந்துபோன வீட்டுக்கு வந்தவர். 1926இல் இறுதி ஆட்டம் வரை போனார்கள், கார்க் 4-6, கில்கென்னி 2-0. புதியவர்களுக்காக: எண்களுக்கு நடுவில் இருக்கும் கோட்டுக்கு முன்னால் இருப்பது கோல், பின்னால் இருப்பது பாயிண்ட், ஒரு கோலுக்கு மூன்று பாயிண்ட். கணக்குப் போட்டால் 18க்கு 6, நல்ல உதை.

அதே 1926இல் இன்னொன்று நடந்தது, இதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஆகஸ்ட் 29 அன்று குரோக் பார்க்கில் நடந்த கில்கென்னி-கால்வே அரையிறுதியை டப்ளின் வானொலி நேரடியாக வர்ணித்தது, மைக்கின் முன்னால் உட்கார்ந்தவர் பி. டி. மெஹிகன். ஐரோப்பாவிலேயே ஒரு மைதான விளையாட்டுக்கு வானொலி நேர்முக வர்ணனை கிடைத்தது அதுதான் முதல்முறை என்கிறார்கள். லோரியின் தலைமுறைக்கு முன்னால் ஹர்லிங் வீரனின் புகழ் அவன் கவுண்டி எல்லையோடு நின்றது, மிஞ்சிப்போனால் பத்திரிகையில் நாலு வரி. வானொலி வந்த பிறகு கதை வேறு.

இப்போது 1931. செப்டம்பர் 6 அன்று முதல் ஆட்டம், கார்க்கும் கில்கென்னியும் 1-6, 1-6. கில்கென்னி ஒரு பாயிண்ட் முன்னால் நிற்கிறது, முடிய இன்னும் கொஞ்ச நேரம், கார்க் தலைவர் யூடி காஃப்லன் பந்தோடு ஓடிவந்தவர் வழுக்கி விழுகிறார், விழுந்தவர் முழங்காலில் நின்றபடியே அடிக்கிறார், பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போகிறது. சமன். அக்டோபர் 11 மறு ஆட்டம், 2-5, 2-5, அதுவும் சமன்! இந்த இரண்டாவது ஆட்டத்தில்தான் லோரியின் விலா எலும்பு மூன்று உடைந்தது. நவம்பர் 1, மூன்றாவது ஆட்டம். அவர் களத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். கார்க் 5-8, கில்கென்னி 3-4. பத்து பாயிண்ட் வித்தியாசம். எல்லைக்கோட்டருகே உட்கார்ந்து அவர் அழுதார் என்பது கில்கென்னியில் இன்றும் சொல்கிற கதை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: இரண்டு ஆட்டம் தராசு முள் அசையாமல் நின்றது, ஒருவரை எடுத்ததும் தட்டு தரையில் இடித்தது. அவர் எவ்வளவு கனம் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? மூன்று ஆட்டத்துக்கும் சேர்ந்து 90,000 பேருக்கு மேல் நேரில் பார்த்தார்கள், நாடே வேறு எதையும் பேசவில்லை. ஹர்லிங் பெரிய கூட்டத்தின் ஆட்டமானது அந்த இரண்டு மாதத்தில்தான் என்று எழுதுகிறவர்கள் உண்டு.

பழைய_கணக்கு:

நடுக்களத்தான் அண்ணே, தராசுக் கதை கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எதிர்த்தட்டில் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டாமா? அந்த கார்க் அணி 1926, 1928, 1929 என்று ஏற்கனவே மூன்று பட்டம் வாங்கிய அணி. 1931 நாலாவது. ஒரு நடுக்கள ஆட்டக்காரர் இருந்திருந்தால் பத்து பாயிண்ட் எங்கே போயிருக்கும்? ஐந்து கோல் வாங்கியது கில்கென்னியின் பின்களம், லோரி அங்கே நின்று ஆடுகிறவர் இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை நெருக்கமாகத் தோற்றிருப்பார்கள். ஆடாத ஆட்டத்தில் யாரும் தப்பு செய்வதில்லை, அதுதான் அந்தப் புகழின் ரகசியம் என்று நான் சொல்வேன்.

பதக்கக் கணக்கையும் பார்ப்போம். ஸிம் வால்டன், ஜாக் ராச்ஃபர்ட், டிக் டாயில், மூன்காயின் ஊரின் டிக் வால்ஷ், இந்த நால்வருக்கும் ஆளுக்கு ஏழு. வால்ஷ் 1907, 1909, 1913 என்று மூன்று முறை தலைவராக இருந்து ஜெயித்தவர். இவர்கள் பெயரில் அகில அயர்லாந்துக் கோப்பை எதுவும் இல்லை. ஏன்? வானொலி இல்லை, அவ்வளவுதான். நீங்களே மேலே சொல்லிவிட்டீர்கள்.

(நியாயத்துக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஏழில் 1911 பட்டம் லிமெரிக் அணியை ஆடி வென்றதல்ல. கார்க் மைதானத்தில் தண்ணீர் தேங்கி ஆட்டம் தள்ளிப்போனது, தர்லஸில் ஆடச் சொன்னார்கள், லிமெரிக் மறுத்துவிட்டது, பட்டம் கில்கென்னிக்குப் போனது. அப்புறம் டங்கார்வனில் டிப்பரரியோடு ஒரு மாற்று ஆட்டம் ஆடி ஜெயித்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.)

ஆஷ்_மட்டை:

நான் அயர்லாந்தில் வேலைக்கு வந்தவன், ஒரு கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களுக்கான பழகுநர் கூட்டத்தில் மட்டை பிடித்து, அடி வாங்கி, விட்டுவிட்டவன். பதக்கக் கணக்கை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, நின்ற பந்தை எல்லைக்கோட்டிலிருந்து வெட்டி அடிப்பது என்றால் என்ன என்பது.

பந்து வெளியே போனால் கோட்டின் மேல் வைப்பார்கள். கையால் எடுக்கக் கூடாது, மட்டையால் தூக்கிக்கொண்டும் அடிக்கக் கூடாது. புல்லில் கிடக்கிறபடியே அடிக்க வேண்டும், ஆனால் அது காற்றில் எழும்ப வேண்டும். மட்டையின் அகன்ற நுனியைக் கொஞ்சம் சாய்த்து, பந்துக்கும் மண்ணுக்கும் நடுவில் கத்தி போல நுழைக்க வேண்டும். ஒரு விரற்கடை மேலே பட்டால் பந்து தரையோடு உருளும், கீழே பட்டால் மண்ணைத் தோண்டுவீர்கள், அந்த அதிர்ச்சி மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏறும். நான் முதல் நாள் இருபது தடவை அடித்திருப்பேன், பந்து நகர்ந்தது நாலு தடவை, எழும்பியது ஒரு தடவைகூட இல்லை. சொல்லிக்கொடுத்த பெரியவர் புல்லில் விழுந்த குழிகளைப் பார்த்துவிட்டு, உருளைக்கிழங்கு நட இடம் தயார் என்றார்.

அந்தப் பெரியவர்தான் லோரி பற்றி முதலில் சொன்னார். இப்போதைய மட்டையின் நுனி அகலம், எடை குறைவு. அந்தக் காலத்து மட்டை நுனி ஒடுங்கியது, கனமானது. ஆஷ் மரத்தின் அடிப்பகுதியில், வேர் திரும்புகிற இடத்தில் மரத்தின் ரேகையும் கூடவே வளையும், அந்தத் துண்டில் செதுக்குவார்கள். பந்து உள்ளே தக்கை, வெளியே தோல், மழையில் நனைந்தால் கனத்துவிடும். அந்தப் பந்தை அந்த மட்டையால் தரையிலும் அடிப்பார், தலைக்கு மேல் காற்றிலும் அடிப்பார், எல்லைக்கோட்டிலிருந்து வெட்டியும் அனுப்புவார், வெகு தூரத்திலிருந்து கம்பத்துக்கு மேலே போட்டுவிடுவார், அதுதான் லோரி. ஆளின் பெயரைச் சொன்னால் கில்கென்னிக்காரர்கள் பதக்கத்தை எண்ண மாட்டார்கள், மணிக்கட்டைத்தான் சுழற்றிக் காட்டுவார்கள்.

பழைய_கணக்கு அவர்களே, நடுக்கள ஆட்டக்காரர் பின்களத்தில் நிற்பதில்லை, சரி. ஆனால் நடுவில் பந்தை இழந்தால்தான் அது பின்களத்துக்கே வரும். ஐந்து கோலும் எந்த வழியாக வந்தது என்று நினைக்கிறீர்கள்?

பழைய_கணக்கு:

அதை ஒத்துக்கொள்கிறேன், பாதி. ஆனால் 1936ஐ யாரும் பேசவில்லையே. லிமெரிக் 5-6, கில்கென்னி 1-5. அதுவும் இறுதி ஆட்டம், அங்கேயும் ஐந்து கோல். அந்த ஆண்டு லோரி ஓய்வுபெறவில்லை.

நடுக்களத்தான்:

1936இல் அவருக்கு 37 வயது. நட்சத்திர ஆட்டக்காரர் மிக் மாக்கியின் லிமெரிக் அணி உச்சத்தில் இருந்த ஆண்டு. அதற்கு முந்தைய ஆண்டைப் பேசாமல் 1936க்குத் தாவுவது நியாயமா தம்பி? எனக்குக் கேட்டால் லோரியை எடைபோட வேண்டிய ஆட்டம் 1931 அல்ல, 1935.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1932இல் கிளேர் அணியை 3-3க்கு 2-3 என்று வென்று லோரி முதல் பதக்கம் வாங்கினார், வயது 33. கில்கென்னிக்குப் பத்து ஆண்டு கழித்துக் கிடைத்த பட்டம். 1933இல் லிமெரிக்கை 1-7க்கு 0-6. 1934இல் லிமெரிக் சாம்பியன்.

1935 செப்டம்பர் 1, மறுபடி லிமெரிக்கோடு இறுதி. கில்கென்னி தலைவர் லோரி, 36 வயது. 46,000 பேருக்கு மேல் கூட்டம், அதுவரை ஹர்லிங் பார்க்க அவ்வளவு பேர் கூடியதில்லை. கொட்டுகிற மழை. நம் ஆஷ்_மட்டை சொன்ன அந்த நனைந்த பந்தை நினைத்துக்கொள்ளுங்கள், கைப்பிடி வழுக்குகிறது, புல் சேறாகிறது, எதிரே அந்தக் காலத்தின் மிக வலிமையான அணி. கடைசி நிமிடங்களில் கில்கென்னி ஒரே பாயிண்ட் முன்னால். லிமெரிக்குக்குக் கோலுக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்ரீ (எதிரணி தவறுக்குக் கிடைக்கிற தடையில்லா அடி) கிடைக்கிறது, கம்பத்துக்கு மேலே தட்டினாலே சமன். வேறொருவர் அடிப்பதாக இருந்தது, மாக்கி தானே அடிக்கிறேன் என்று வந்து அடித்தார், பந்து எட்டாமல் விழுந்தது என்பார்கள். 2-5க்கு 2-4. மேல்மட்டக் கோப்பையான லியம் மெக்கார்த்தி கோப்பையை லோரி வாங்கினார்.

1931இல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வாய் வலிக்கப் பேசலாம், முடிவே கிடையாது. 1935இல் இருந்தார், அணிக்குத் தலைவராக, மழையில், 36 வயதில். நான் இதைத்தான் எடுத்து வைப்பேன். பழைய_கணக்கு சொன்னதில் ஒன்று உண்மை, கில்கென்னிக்காரர்களே 1931ஐத்தான் அதிகம் பேசுகிறார்கள், அது எனக்கும் எரிச்சல்தான்.

தூறல்:

இரண்டு பேருக்கும் நன்றி, மூன்று பேருக்கும். இப்போது 1935 ஸ்கோர் மனப்பாடம். மாஹர் என்றே எழுதுகிறேன், இனி மீகர் இல்லை. ஆனால் கோப்பை விஷயம் மீதி இருக்கிறதே? கடைசி அடுக்குக்கு ஏன்? லாங்கஷயர் இங்கிலாந்தில்தானே இருக்கிறது, அது எப்படி ஆடுகிறது என்பதும் புரியவில்லை.

ஆஷ்_மட்டை:

லாங்கஷயர் எளிது. பஞ்சம் பிழைக்கப் போன ஐரிஷ்காரர்கள் போன இடமெல்லாம் மட்டையையும் எடுத்துப்போனார்கள், இங்கிலாந்திலும் கேலிக் சங்கத்தின் கிளைகள் உண்டு, அவையும் போட்டியில் ஆடும். லியம் மெக்கார்த்தியே லண்டனில் பிறந்தவர்தான். அவர் பெயர் கொண்ட கோப்பைதான் 1921க்கான பட்டத்திலிருந்து இன்று வரை மேல்மட்டக் கோப்பை.

கேலியா என்றால், இல்லை. பழைய பெரிய ஆட்டக்காரர்களான கிறிஸ்டி ரிங் பெயரிலும் நிக்கி ராக்கார்ட் பெயரிலும் 2005இல் கீழ் அடுக்குகளைத் தொடங்கினார்கள், ரிங்கைவிடப் பெரிய பெயர் ஹர்லிங்கில் கிடையாது. 2009இல் இன்னும் ஒரு அடுக்கு தேவைப்பட்டது, அதற்கு லோரி. முதல் ஆண்டு டைரோன் வாங்கியது. 2018இல் நடுவில் ஜோ மெக்டொனா கோப்பை புகுந்ததும் இது இன்னும் ஒரு படி கீழே போயிற்று. லீட்ரிம், கேவன், ஃபெர்மானா மாதிரி கால்பந்தே எல்லாமாக இருக்கிற கவுண்டிகளில் ஹர்லிங் ஆட நாலைந்து கிளப்கூடத் தேறாது. அங்கே பனியில் பயிற்சிக்கு வருகிற பையனுக்கு ரிங், ராக்கார்ட், மாஹர் பெயரில் கோப்பை வைக்காமல் யார் பெயரில் வைப்பார்கள்? மேலே இருக்கிற கில்கென்னிக்கு நினைவூட்டத் தேவையில்லை. மொராடி கதையைப் படித்து நீங்கள் லோரியைத் தேடி இங்கே வந்தீர்கள் இல்லையா?

பழைய_கணக்கு:

அந்தக் கணக்கில் டிக் வால்ஷுக்கும் ஆறாவது அடுக்கு ஒன்று தொடங்கட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன். எல்லாக் காலத்துக்குமான சிறந்த 15 பேர் என்று 1984இல் நூற்றாண்டு அணி, 2000இல் ஆயிரமாண்டு அணி என்று தேர்ந்தெடுத்தார்கள், இரண்டிலும் நடுக்களத்தில் லோரியும் ஜாக் லிஞ்சும். லிஞ்ச் பிற்பாடு நாட்டின் பிரதமரே ஆனார். லோரி ஆட்டத்தை விட்டபிறகு என்ன செய்தார் என்று யாராவது சொன்னீர்களா?

நடுக்களத்தான்:

சொல்ல என்ன இருக்கிறது, வயலுக்குப் போனார். ஆடும்போதும் விவசாயிதான், கேலிக் சங்கத்தில் ஆட்டத்துக்குச் சம்பளம் என்பதே கிடையாது, ஞாயிறு 46,000 பேர் முன்னால் ஆடியவர் திங்கள் மாட்டைப் பார்க்க வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1973 மே மாதம் இறந்தார். டுல்லரோனில் அவர் வாழ்ந்த கூரை வீடு இப்போது அருங்காட்சியகம், அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.

தூறல்:

பழைய பேட்டி ஏதாவது கிடைக்குமா? அவரே 1931 பற்றிச் சொன்னது?

ஆஷ்_மட்டை:

பேட்டியா! ஆள் கூச்ச சுபாவி, தன்னைப் பற்றிப் பேசவே மாட்டார். ஒரு தடவை பத்திரிகை நிருபர் ஒருவர் அவரைத் தேடி டுல்லரோன் வரை வந்தாராம். வழியில் எதிரே வந்த ஆளை நிறுத்தி, லோரி மாஹரை எங்கே பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் சாலையைக் கை காட்டி, இப்போதுதான் இந்தப் பக்கமாகப் போனார், கொஞ்சம் வேகமாகப் போனால் பிடித்துவிடலாம் என்றாராம். சொன்னது லோரிதான்.